நார்த் அம்ப்குவா: தூண்டில் விழாத மடு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ரோஸ்பர்க் நகரிலிருந்து 138ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே செல்லும்போது, கிளைடு என்ற சிற்றூரைத் தாண்டியதும் நார்த் அம்ப்குவா ஆறு சாலையை ஒட்டியே வரத் தொடங்குகிறது. 2019 செப்டம்பரில் ஸ்டீல்ஹெட் மீனைத் தேடி நான்கு நாட்கள் அங்கே தங்கியிருந்தேன். ராக் கிரீக் ஓடை கலக்கும் இடத்திலிருந்து மேலே சோடா ஸ்பிரிங்ஸ் அணை வரை, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்கு, 1952 முதல் ஈத்தூண்டிலைத் தவிர வேறெதற்கும் அனுமதியில்லை. இதில் புழுவோ உயிருள்ள இரையோ கிடையாது. முள்ளின் மேல் இறகும் உரோமமும் வைத்து நூலால் கட்டிய பொய்ப்பூச்சி மட்டுமே. காற்றைப் போல இலேசான அந்தப் பூச்சியைத் தொலைவுக்கு எடுத்துச் செல்வது தூண்டில் கயிற்றின் எடைதான்.

ஸ்டீல்ஹெட்டும் வானவில் டிரவுட்டும் ஒரே இனம். ஆற்றிலேயே வாழ்ந்து முடிப்பது டிரவுட். கடலுக்குப் போய்ப் பெருத்துத் திரும்புவது ஸ்டீல்ஹெட். இதே ஆற்றில் ஏறும் சினூக் சால்மன் முட்டையிட்டதும் இறந்துவிடுகிறது. ஸ்டீல்ஹெட்டில் சில பிழைத்து, மீண்டும் கடலுக்குப் போய் இன்னொரு முறையும் வருகின்றன. பசிபிக் கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் எதிர்நீச்சல் போட்டுக் கோடையில் வந்து சேரும் மீன், முட்டையிடக் குளிர்காலம் வரும்வரை பெரும்பாலும் எதையும் உண்ணாமல் ஆழமான மடுக்களில் காத்திருக்கிறது. பசியில்லாத மீன் ஏன் பொய்ப்பூச்சியைக் கவ்வுகிறது என்பதுதான் அந்த நான்கு நாட்களும் என்னை விடாத கேள்வி.

ஆற்றின் அடிப்பகுதி முழுவதும் வழுவழுப்பான பாறை. ஊன்றுகோலால் ஆழம் பார்த்து, இடுப்பளவு நீரில் நின்று, பதின்மூன்றடி இருகைக் கோலால் பூச்சியை எதிர்க்கரைப் பக்கம் சாய்வாக எறிய வேண்டும். நீரோட்டம் அதை வளைவாக இழுத்து வந்து நம் கரையோரம் நிறுத்தியதும், இரண்டடி கீழே நகர்ந்து மறுபடி எறிய வேண்டும். முதல் இரண்டு நாட்கள் விடியலிலும் அந்தியிலும் இதையே செய்தேன், ஒன்றும் தொடவில்லை. உடன் வந்த வழிகாட்டி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “தொட்டதும் கோலைத் தூக்காதீர்கள், மீனே கயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பட்டும்.”

மூன்றாம் நாள் காலை, வெயில் நீரில் விழுவதற்குச் சற்று முன்பு, வளைந்து வந்த கயிறு நடுவழியில் கனத்து நின்றது. என் கை தூக்கத் துடித்தது, அடக்கிக்கொண்டேன். கோலில் கயிறு சுற்றிய உருளை கிறீச்சிட, மீன் இருமுறை நீருக்கு மேலே எழும்பி விழுந்தது. கரையருகே வந்தபோது அதை நீரிலிருந்து எடுக்காமலே பார்த்தோம். பக்கவாட்டில் மங்கிய இளஞ்சிவப்புக் கோடு. முதுகில் வாலுக்குச் சற்று முன்பு, கட்டைவிரல் நகமளவே உள்ள கொழுப்புத் துடுப்பு வெட்டுப்படாமல் இருந்தது. பண்ணையில் வளர்த்து விடும் மீன்களுக்கு அந்தத் துடுப்பை வெட்டிவிடுவார்கள். ஆகவே இது ஆற்றிலேயே பிறந்தது, திருப்பி விட்டாக வேண்டியது. எதிர்க்கூர் இல்லாத முள் எளிதாகக் கழன்றது. நீரோட்டத்தை நோக்கித் தலையை வைத்துப் பிடித்திருந்தேன். வால் ஒருமுறை வலுவாக அசைந்தது, கை வெறுமையானது.

நான்காம் நாள் தூண்டிலை எடுக்கவில்லை. நார்த் அம்ப்குவாவில் வந்து கலக்கும் ஸ்டீம்போட் கிரீக் என்னும் துணையாற்றில் 1930களிலிருந்தே மீன்பிடிக்கத் தடை உள்ளது. கரையோர மரங்களை வெட்டியதால் நிழலிழந்து கோடையில் நீர் சூடாகிவிடும் அந்த ஓடையில், குளிர்ந்த சிற்றோடை ஒன்று வந்து கலக்கும் பிக் பெண்ட் மடுவில் ஸ்டீல்ஹெட்டுகள் நூற்றுக்கணக்கில் அடைக்கலம் புகுகின்றன. ஒரு காலத்தில் திருடர்கள் வெடிபோட்டு மீனைக் கொன்ற இடம் அது; இப்போது கோடை முழுவதும் தன்னார்வக் காவல் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் போரிட்டுத் திரும்பி, இந்த ஆற்றுக்காகவே வாழ்நாள் முழுதும் வாதாடிய பிராங்க் மூரின் பெயராலும் அவர் மனைவி ஜீனின் பெயராலும், அந்த ஆண்டு மார்ச்சில்தான் இந்த வடிநிலத்தில் சுமார் ஒரு லட்சம் ஏக்கர் காட்டுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. அடுத்த செப்டம்பரில் ஆர்ச்சி கிரீக் காட்டுத்தீ இந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியை எரித்துவிட்டது. 2021இல் திரும்பிய மீன்கள் மிகவும் குறைந்துபோனதால் கோடைக்கால மீன்பிடிப்பையே நிறுத்தினார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அன்று பிற்பகல் மடுவின் மேட்டில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தேன். பச்சை நீருக்கடியில் மீன்கள் சாம்பல் நிற நிழல்களாக அடுக்கடுக்காக நின்றன. பழுத்த இலை ஒன்று சுழன்று வந்து நீரில் விழுந்தது. கூட்டத்திலிருந்து ஒரு மீன் மட்டும் பிரிந்து, அவசரமில்லாமல் மேலே வந்து, அந்த இலையை வாயில் வாங்கிப் பார்த்துத் துப்பிவிட்டுத் தன் இடத்துக்கே இறங்கிப் போனது.