மூட்டுநீரைத் தூக்கிக்கொண்டு ஓடிய காலை

இன்று காலை கிளினிக்கில் ஒரு பாட்டியின் வீங்கிய முழங்காலில் இருந்து, அவர் சம்மதத்தோடு எடுத்த மூட்டுநீரை நானே ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நல்ல மூட்டில் அது முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூலாக இழுபடும், இது தண்ணீராகச் சொட்டியது. அதிலிருந்து டி செல்களை, அதாவது நோய் எதிர்ப்புக்கான ஒரு வகை வெள்ளையணுக்களைப் பிரிக்க, என்னோடு பயிற்சியில் இருக்கும் பிஎச்டி முடித்த தோழி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்காவில் அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச், ஆராய்ச்சிப் பயிற்சிக்காகத் தரும் டி32 நிதி, வாதநோய் டாக்டரையும் விஞ்ஞானியையும் இப்படி ஒரே மேசையில் உட்கார வைக்கிறது. முதல் வருட உதவித்தொகைக்கு ஈடாக 12 மாதம் ஆராய்ச்சியோ கற்பித்தலோ செய்தாக வேண்டும், இரண்டாம் வருடமும் பயிற்சியில் தொடர்ந்தால் அதுவே கணக்கில் கழிந்துவிடும். ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது, விசாவில் இருக்கும் திறமைசாலி நண்பர்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை. சரி, செல்களைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் நின்றுவிட்டது, அப்புறம் எழுதுகிறேன்.