“எப்படிக் காட்டுவான்?”

எளிய குடும்பங்கள் வந்துபோகும் ஒரு சுகாதார நிலையத்தில், சின்னக் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகள் தெரிகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். எம்-சாட்-ஆர் என்று ஒரு தாள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. 20 கேள்விகள், ஆமாம் அல்லது இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அந்த வேகத்தில்தான் தவறினேன். 20 மாதப் பையன் ஒருவனின் அம்மா எல்லாவற்றுக்கும் சரியான பதிலே சொன்னார். நானும் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டேன். மூன்று வயது தாண்டித் திரும்பி வந்தார், பையனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்று. விரலால் சுட்டிக் காட்டுவானா என்று மறுபடி கேட்டேன்.

“காட்டுவான் மேடம்.”

“எப்படிக் காட்டுவான், சொல்லுங்களேன்?”

“என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், வேணுங்கிறது மேலே வைப்பான்.”

அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அதுவே காட்டுவது. எப்படி என்று நான்தான் கேட்கவில்லை.

வேண்டியதைக் கேட்டு விரல் நீட்டுவது ஒன்று. பறவையைக் காட்டிவிட்டு, ‘நீயும் பார்த்தாயா’ என்று அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வேறொன்று. தாளில் இரண்டுக்கும் தனித்தனிக் கேள்விகள் உண்டு. கவனிக்க வேண்டிய பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மொத்தம் 3 முதல் 7 வரை வந்தால் உதாரணங்களோடு விரிவாகக் கேட்க வேண்டும், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேராக நிபுணரிடம் அனுப்பலாம். அந்தப் பையனின் தாளில் பூஜ்யம். அதனால் யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன். பலர் இதைத் தங்கள் வளர்ப்புக்கு வைக்கும் தேர்வாக நினைத்து, பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள். ‘காது கேட்கவில்லையோ என்று எப்போதாவது நினைத்தீர்களா’ என்பது போன்ற சில கேள்விகளுக்கோ ‘ஆமாம்’ என்பதே கவனிக்க வேண்டிய பதில். அதனால் இப்போது, ‘இது உங்களுக்கான தேர்வு இல்லை’ என்று சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு ‘ஆமாம்’க்கும் ஓர் உதாரணம் கேட்கிறேன். வரிசை நீளும், நீளட்டும்.

மதிப்பெண் அதிகமென்றால் ஆட்டிசம் உறுதி என்று அர்த்தமில்லை. நிபுணர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவரைப் பார்க்க ஒருநாள் கூலி போகும், முறை வர மாதங்கள் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. செவித்திறனைப் பார்த்துவிடலாம். குழந்தையின் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து, அவன் பார்ப்பதன் பெயரைச் சொல்லி, அவன் ஏதாவது செய்யும்வரை காத்திருக்கலாம். ‘ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசுவான்’ என்ற ஆறுதல்தான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. அதில் போகிற ஒரு வருடம் சின்னதில்லை.

அப்புறம், பழைய தாள்களை எடுத்து, பூஜ்யம் வாங்கியவர்களையெல்லாம் ஃபோனில் அழைக்க ஆரம்பித்தேன். வேலை கிடைக்கும் இடத்துக்கு மாறிப்போகிறவர்கள், சில எண்கள் உபயோகத்திலேயே இல்லை. இன்று மாலையும் இரண்டு எண்களை முயல வேண்டும்.