ஒக்டோபரில் தோட்டத்தை மூடாதீர்கள், உள்ளி நடுங்கள்

கனடாவில் ஒக்டோபரில் வரும் தேங்க்ஸ்கிவிங் நீண்ட வார இறுதி வந்தால் எங்கள் ஸ்காபரோத் தெருவில் பின்வளவுகள் ஒவ்வொன்றாகக் காலியாகும். பாவற்கொடியை அறுத்து இழுப்பார்கள், தக்காளிக்கு ஊன்றிய கம்புகளைப் பிடுங்கிக் கராஜுக்குள் போடுவார்கள், தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு "இந்த வருசம் சரி, இனி மே மாதம்தான்" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. ஒன்ராறியோவில் அடுத்த வருசத்துக்கான முதல் பயிரை நடுகிற மாதமே ஒக்டோபர்தான். அந்தப் பயிர் உள்ளி. தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு, பூண்டைத்தான் சொல்கிறேன்.

எங்கள் மற்றப் பயிர்களெல்லாம் இந்த நாட்டுக் குளிரோடு சண்டை பிடிப்பவை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் மார்ச்சிலேயே வீட்டுக்குள் லைட் போட்டு நாற்று வளர்த்து, மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா நாள் வரை வெளியே வைக்கப் பயந்து, வைத்த பிறகும் ராத்திரிக்கு ராத்திரி எத்தனை டிகிரி என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளி இதற்கு நேர்மாறு. அதன் பூர்வீகம் மத்திய ஆசியா, தியான் ஷான் மலைப் பக்கம், குளிர்காலம் கடுமையாக இருக்கும் இடம். நட்ட பல் மண்ணுக்குள் சில கிழமைகள் நல்ல குளிரில் கிடந்தால்தான் வசந்தத்தில் அடிக்கிழங்கு பல் பல்லாகப் பிரியும். ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே ஆறு முதல் எட்டுக் கிழமை என்று கணக்குச் சொல்வார்கள். ரொறன்ரோவில் அது கேட்காமலே கிடைக்கும். குளிர் போதாவிட்டால் செடி என்னவோ வளரும், கீழே பிரியாத ஒற்றை உருண்டைதான் இருக்கும். ஊரில் மருந்துக்கென்று ஒற்றைப்பல் உள்ளியைத் தேடித் தேடி வாங்குவார்களே, ஏப்ரல் கடைசியில் நடுகிறவர்களுக்கு அது தாராளமாகக் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் வெங்காயம் அப்படி விளைந்தும் உள்ளி சரிவராததற்கும், தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு வரைக்கும் போனதற்கும் பெரிய காரணம் இந்தக் குளிர்தான்.

அதற்கு முன் வளவைக் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். கறிவேப்பிலைச் சாடிதான் முதலில். ராத்திரி வெப்பம் 10 டிகிரிக்குக் கிட்ட வரும்போதே அதை உள்ளே எடுத்துவிட வேண்டும். உறைபனி விழும்வரை காத்திருக்கக் கூடாது. எடுக்கும் முன் இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் செதில் பூச்சியும் சிலந்திப் பேனும் சேர்ந்து குடிவந்து தை மாதத்துக்குள் மரத்தை மொட்டையாக்கிவிடும். தெற்குப் பார்த்த ஜன்னலும் குறைவான தண்ணீரும் போதும். பச்சைத் தக்காளியில் கொஞ்சமாவது நிறம் மாறத் தொடங்கியதைக் கடதாசிப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு வைத்தால் பழுத்துவிடும், மற்றதைக் கறி வையுங்கள். நோய் பிடித்த தக்காளிச் செடியைக் கூட்டெருக் குவியலில் போடாதீர்கள். கேல் கீரையைப் பிடுங்கவே வேண்டாம்: உறைபனி பட்ட பிறகுதான் அதில் இனிப்பு ஏறும், கேல் வறையை நவம்பரில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். அவ்வளவுதான். தோட்டம் கூட்டித் துடைத்த விறாந்தை மாதிரி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இனி விதை. சுப்பர்மார்க்கெட்டில் வலைப்பையில் வரும் உள்ளியை நட வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன், பாதிப் பேர் கேட்கமாட்டார்கள். அதில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருவது. அடியைத் திருப்பிப் பாருங்கள், வேரை மழுங்கச் சீவி விட்டிருப்பார்கள். முளைக்காமலிருக்க ஏதாவது செய்திருக்கவும் கூடும், முளைத்தாலும் அது எங்கள் குளிருக்குப் பழகிய இனமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இங்கே நன்றாக வருவது நடுவில் விறைப்பான தண்டு விடும் ஹார்ட்நெக் இனங்கள். ஒன்ராறியோவில் அதிகம் நடப்படுவது 'மியூசிக்' என்ற இனம். ஒரு பூட்டில், அதாவது ஒரு முழு உள்ளியில், நான்கு முதல் ஆறு பல்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் பெரிது. சின்னச் சின்னப் பல்லாக நகம் நோக உரித்த கைகளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று சமைக்கிறவர்களைக் கேளுங்கள். உழவர் சந்தைகளில் செப்டெம்பரில் விற்பார்கள், ஸ்ட்ராட்ஃபோர்டில் அந்த மாதம் உள்ளித் திருவிழாவே நடக்கும். விலை கொஞ்சம் கூடத்தான். ஒருமுறை வாங்கினால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம், ஏனென்றால் அதன் பிறகு உங்கள் விளைச்சலே உங்கள் விதை. எங்கிருந்து வந்ததென்று தெரியாத விதையில் எனக்கு இன்னொரு பயம், வெள்ளை அழுகல். அந்தப் பூஞ்சை மண்ணில் ஒருமுறை இறங்கிவிட்டால் இருபது வருசத்துக்கு மேலும் அங்கேயே உறங்கிக் கிடக்கும். சின்ன வளவில் வேறு எங்கே போய் நடுவது?

நடுகைக்கு நல்ல காலம் ஒக்டோபர் நடுப்பகுதி. நிலம் உறைவதற்கு முன் வேர் ஓடுவதற்கு மூன்று நான்கு கிழமை வேண்டும், ஆனால் மேலே பெரிதாக முளை கிளம்பவும் கூடாது. முந்தி நட்டுவிட்டுச் செப்டெம்பர் வெயிலில் ஒரு சாண் வளர்ந்து நிற்பதைப் பார்த்துக் கவலைப்படுவது தேவையில்லாத வேலை. நவம்பரில் இரண்டு விரல் உயரம் பச்சை தெரிந்தால் பரவாயில்லை, அது செத்துவிடாது.

பூட்டை நடுகிற அன்றைக்கே உடைக்க வேண்டும், முந்திய கிழமையே உடைத்து வைத்தால் அடித்தட்டுக் காய்ந்துவிடும். தோலை உரிக்கக் கூடாது. பெரிய பல்லை மண்ணுக்கு, சின்னதைச் சட்டிக்கு. இதைக் கேட்டால் வீட்டில் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள், பெரிய பல்தான் பெரிய பூட்டுத் தரும். வெயில் நன்றாகப் படுகிற, தண்ணீர் தேங்காத பாத்தியாகத் தெரிந்து, கூட்டெருவைக் கலந்து, கூர்முனை மேலே பார்க்க, தலைக்கு மேல் ஐந்து சென்ரிமீற்றர் மண் வருகிற மாதிரி வையுங்கள். பல்லுக்குப் பல் 15 சென்ரிமீற்றர், வரிசைக்கு வரிசை 25 அளவில். போன மூன்று வருசத்தில் உள்ளியோ வெங்காயமோ லீக்ஸோ நின்ற பாத்தியாக அது இருக்கக் கூடாது.

எங்கள் பக்கத்து வீட்டு ஐயா நீர்வேலியில் செம்பாட்டு மண்ணில் வெங்காயம் செய்தவர். நான் குழி போடுவதை வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "தம்பி, உதென்ன கிணறோ வெட்டுறியள்?" என்றார். அவருடைய கணக்கில் வெங்காயக் குண்டைப் பாதி வெளியே தெரிய ஊன்ற வேண்டும், முறை வைத்து இறைக்க வேண்டும், இரண்டு இரண்டரை மாதத்தில் கிண்டிவிட வேண்டும். இது யூலையில்தான் வரும் ஐயா என்றேன். "அப்ப ஒன்பது மாதமோ? பிள்ளையெண்டாலும் பெத்திடலாம்." அடுத்த வருசம் அவரும் நட்டார். ஆழமாக நடுவது ஏன் என்று குளிர்காலம் அவருக்குக் காட்டிவிட்டது: மண் உறைவதும் இளகுவதுமாக மாறி மாறி நடக்கும்போது மேலோட்டமாக வைத்த பற்களை நிலம் மெல்ல மெல்ல வெளியே தள்ளிவிடும்.

அதைத் தடுக்கிற இன்னொரு காவல், மேலே போடுகிற சருகு மூடாக்கு. எங்கள் தெரு முழுக்க மேப்பிள் மரங்கள், காசு கொடுத்து வைக்கோல் வாங்குவானேன்? ஆனால் மேப்பிள் இலையை முழுதாகப் போட்டால் மழைக்கு ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பளமாகிவிடும், வசந்தத்தில் முளைக்கு மேலே வர வழி கிடையாது. புல் வெட்டும் மெஷினை இரண்டு தரம் சருகின்மேல் ஓட்டி நொறுக்கிவிட்டு, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகப் பரப்புங்கள். வைக்கோல்தான் போடுவேன் என்பவர்கள் அது மாட்டுக்குப் போடும் உலர்புல் இல்லை என்று பார்த்து வாங்க வேண்டும். உலர்புல்லில் புல் விதை நிறைய, பிறகு கோடை முழுக்கக் களை பிடுங்கி நாரி முறியும். அணில் வந்து கிளறும், தாராளமாகக் கிளறட்டும். ரியூலிப் கிழங்கைத் தோண்டித் தின்கிற அந்தக் கள்ளன் உள்ளியை மோந்து பார்த்துவிட்டு எறிந்துவிடும். விழுந்து கிடப்பதை எடுத்து மறுபடியும் ஊன்றினால் சரி.

அதன்பிறகு ஏப்ரல் வரை உங்களுக்கு வேலையே இல்லை. பனி உருகும்போது தோட்டத்தில் முதலில் பச்சையாக நிற்பது இதுதான். அப்போது ஒருமுறை தழைச்சத்துள்ள பசளை கொடுங்கள், மே நடுப்பகுதிக்குப் பிறகு வேண்டாம், இலைதான் கொழுக்கும். யூனில் நடுத்தண்டு எழும்பிச் சுருளும். அதை ஒடித்துவிட வேண்டும், விட்டால் செடி தன் பலத்தைப் பூவுக்குச் செலவழித்துக் கிழங்கு சிறுக்கும். ஒடித்த தண்டை வெண்டிக்காய் மாதிரி நறுக்கித் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் நான் உள்ளி நடுவதே பாதி இந்தத் தண்டுக்காகத்தான், கடையில் இது இலகுவில் கிடைக்கிற சாமான் இல்லை. யூலை நடுவில், அடி இலைகளில் மூன்றில் ஒரு பங்கு காய்ந்ததும், இழுக்காமல் தோட்டத்துக்கான பெரிய முள்ளுக்கரண்டியால் மண்ணைத் தளர்த்திக் கிளப்புங்கள். கழுவாமல், வெயில் படாமல், காற்றோட்டமான இடத்தில் மூன்று கிழமை தொங்க வேண்டும். இந்த விசயத்தில் மட்டும் ஐயா சொன்னதைத்தான் நானும் செய்கிறேன், வெங்காயத்துக்குக் கட்டுகிற மாதிரியே பிடி பிடியாகக் கட்டிக் கராஜ் வளையில் போட்டுவிடுவது. அதிலிருந்து மிகப் பெரிய பூட்டுகளை விதைக்கென்று முதலிலேயே ஒதுக்கி ஒளித்து வைத்துவிடுங்கள். ரசத்துக்கு அவசரமாக உள்ளி தேவைப்படும் நாளில் யாரும் விதையா கறியா என்று பார்க்கமாட்டார்கள்.

ஒக்டோபர் பிந்திப் போய்விட்டதே என்று கேட்பவர்களுக்கு: மண்வெட்டி நிலத்துக்குள் இறங்குகிற வரைக்கும் நடலாம், நவம்பர் நடுப்பகுதியில் நட்டும் விளைந்திருக்கிறது, பூட்டுக் கொஞ்சம் சிறிதாக இருக்கும், அவ்வளவுதான். அப்புறம் எங்கள் பக்கம் இருப்பவர்கள், சருகை மண்ணிறக் கடதாசிப் பைகளில் கட்டி மாநகரசபை லொறிக்காக வீதியில் வைக்கிறீர்கள் அல்லவா, வைக்கும் முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். எனக்கு இன்னும் இரண்டு பாத்தி மூட வேண்டும்.