மிச்சம் பிடித்த ஊரின் பங்கு

ஒரே ஆற்றிலிருந்து ஒரே குழாயில் பல ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. குழாய் பதிப்பதும் நீரேற்று நிலையம் கட்டுவதும் கடினமான வேலைகள்தாம்; ஆனால் அவற்றுக்கு அளவுகளும் அட்டவணைகளும் உண்டு. வந்துசேரும் தண்ணீரை ஊர்களுக்கிடையே பிரிப்பதற்கு, அதிலும் மழை பொய்த்த ஆண்டில் பிரிப்பதற்கு, அப்படித் தெளிவாக எழுதிவைத்த விதி பெரும்பாலும் இருப்பதில்லை. ஓர் ஊர் தண்ணீரைச் சிக்கனமாகக் கையாளுமா, கையாளாதா என்பது அந்த விதியைப் பொறுத்தே அமைகிறது என்பதுதான் நான் கண்டது. விழிப்புணர்வுப் பதாகைகளாலும் மாணவர் பேரணிகளாலும் ஆகாததைப் பங்கீட்டு விதியின் ஒரு வரி சாதித்துவிடும். தவறாக எழுதப்பட்டால், அவற்றால் விளைந்த நன்மையையும் அதே வரி கெடுத்துவிடும்.

கொங்கு நாட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிறுவாணி ஒன்றே போதும். அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். 1973-ஆம் ஆண்டு இரு மாநிலங்களும் 99 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் 1.3 டி.எம்.சி. தண்ணீர் தமிழ்நாட்டுக்கு உரியது. இதை நாள்கணக்கில் வகுத்தால் ஏறத்தாழ 10 கோடி லிட்டர், அதாவது எங்கள் பேச்சுவழக்கில் 101 எம்.எல்.டி. (நாளொன்றுக்கு மில்லியன் லிட்டர்) வரும். இந்தத் தண்ணீர் முழுவதும் கோவை மாநகராட்சிக்கு மட்டும் போவதில்லை. வழியோரத்துப் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் இதையே நம்பியிருக்கின்றன. 2016-ஆம் ஆண்டு பருவமழைகள் பொய்த்துப்போய் அடுத்த கோடையில் அணையின் நீர்மட்டம் தரையைத் தொட்டபோது, ஒப்பந்தத்தில் எழுதியிருந்த 1.3 டி.எம்.சி. வெறும் தாள் கணக்காகிவிட்டது. ஒப்பந்தம் மாநிலங்களுக்கு இடையிலான பங்கைச் சொல்கிறது. இல்லாத தண்ணீரை ஊர்கள் தங்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதை அது சொல்வதில்லை. பில்லூரிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் பவானித் தண்ணீரை எடுத்துக்கொண்டு கோவை, திருப்பூர், அவிநாசி என்று கிளை பிரிந்து ஓடும் திட்டங்களுக்கும் இதே கேள்வி உண்டு.

தாளில் பங்கு எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், சாக்கடைத் திட்டம் இல்லாத ஊர்களுக்கு 70 லிட்டர், கிராமங்களுக்கு முன்பு 40 லிட்டராக இருந்து இப்போது 55 லிட்டர் என்பது நடைமுறையில் உள்ள அளவுகோல். மக்கள்தொகையை இந்த அளவால் பெருக்கி, 15 ஆண்டுக்கும் 30 ஆண்டுக்கும் வளர்ச்சியை மதிப்பிட்டு, குழாயின் விட்டத்தையும் நீரேற்றியின் திறனையும் தீர்மானிப்பார்கள். சாக்கடைக் குழாயில் கழிவு தேங்காமல் ஓட நீரோட்டம் வேண்டும் என்பதால் நகரத்துக்குக் கூடுதல் அளவு தரப்படுகிறது. அதில் பொறியியல் நியாயம் உண்டு. ஆனால் ஒரே குழாயின் இடப்பக்கத்து வீட்டுக்கு 135, வலப்பக்கத்து வீட்டுக்கு 55 என்று ஒதுக்கிவிட்டு இருவரிடமும் ஒரே தொனியில் சிக்கனம் பேசுவது சரியாக எனக்குப் பட்டதில்லை. யாரிடம் குறைக்க இடமிருக்கிறது என்பதைப் பார்க்காமல் பேசும் பேச்சு அது.

தாளில் உள்ள பங்கு களத்துக்கு வரும்போது வேறு உருவம் எடுக்கிறது. நீருந்து குழாயில் முன்னால் இருக்கும் ஊருக்கு அழுத்தம் அதிகம். வால்வைச் சற்றே கூடுதலாகத் திறந்தாலும் ஒதுக்கீட்டைத் தாண்டி எடுத்துவிட முடியும். கடைசியில் இருக்கும் ஊர், தன் வால்வை முழுவதும் திறந்துவைத்தாலும் காற்றைத்தான் வாங்கும். நான் சேர்ந்த காலத்தில் பல கிளைகளில் அளவிடும் கருவியே கிடையாது. வால்வு ஆபரேட்டர் குழிக்குள் இறங்கி, நீண்ட இரும்புச் சாவியை வால்வின் தலையில் பொருத்தி, இத்தனைச் சுற்று என்று எண்ணித் திறப்பார். அந்தச் சுற்றுகளின் எண்ணிக்கைதான் அந்த ஊரின் ஒதுக்கீடு. ஏரிப் பாசனத்தில் மடையைத் திறக்கும் உரிமை நீர்க்கட்டி எனப்படும் பாசனப் பணியாளர் ஒருவருக்கு மட்டுமே இருந்ததன் காரணம், ஒரு வால்வுச் சாவியைச் சுற்றி நடக்கும் வாக்குவாதங்களைப் பார்த்தால் விளங்கும். எத்தனையோ ஊர்களில் எங்கள் ஆபரேட்டர்கள் இரவில் தனியாக அந்த அழுத்தத்தைத் தாங்கி நின்றார்கள். அவர்களைப் பற்றி அலுவலகக் குறிப்புகளில் ஒரு வரிகூட இருக்காது.

வறட்சி வந்ததும் பெரும்பாலான இடங்களில் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: எல்லா ஊர்களுக்கும் சமமாக இத்தனை விழுக்காடு குறைப்பு. எதிலிருந்து குறைப்பது என்ற கேள்விக்கு, சென்ற ஆண்டு எடுத்த அளவிலிருந்து என்பது எளிய பதில். கணக்குப் போடச் சுலபம், எல்லோருக்கும் சமம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இந்த எளிய பதில் செய்யும் கேட்டை நான் நேரில் பார்த்தேன். ஒரு சிறு பேரூராட்சியில், பொறுப்புணர்வுள்ள செயல் அலுவலர் ஒருவர், பழைய கல்நார்க் குழாய்களில் இருந்த கசிவுகளை ஒவ்வொன்றாகத் தேடி அடைத்து, மேல்நிலைத் தொட்டிகள் நிரம்பி வழிவதை நிறுத்தி, திட்டத்திலிருந்து எடுக்கும் அளவைக் கணிசமாகக் குறைத்தார். பக்கத்து நகராட்சியில் அப்படி எதுவும் நடக்கவில்லை. மறு ஆண்டு குறைப்பு ஆணை வந்தபோது, முந்தைய ஆண்டின் அளவையே அடிப்படையாக வைத்து இரண்டுக்கும் ஒரே விழுக்காடு வெட்டப்பட்டது. கசிவை அடைத்த ஊர் குடிக்கும் தண்ணீரில் குறைக்க வேண்டியிருந்தது. அடைக்காத ஊர் தன் கசிவில் ஒரு பகுதியைக் குறைத்தாலே போதுமானதாக இருந்தது. “ஏனுங்க சார், மிச்சம் பண்ணுனதுக்கு இதுதானுங்களா எங்களுக்கு?” என்று அவர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் ஒதுக்கீட்டை ஒரு சொட்டுக்கூட விடாமல் எடுக்கத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீடுகளில் நடப்பதும் இதுவே. பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊரில், அடுத்து என்றைக்கு வரும் என்று தெரியாத குடும்பம், இருக்கிற டிரம், குடம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பிவைக்கிறது. புதுத் தண்ணீர் வந்ததும் மிச்சமிருக்கும் பழைய தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு மறுபடி நிரப்புகிறது. வசதியுள்ளவர்கள் இணைப்பில் மோட்டாரை வைத்து உறிஞ்சுகிறார்கள். தெருவின் கடைசி வீட்டுக்கு வருவது நின்றுபோகிறது. இடைவெளியை நீட்டினால் செலவு குறையும் என்ற கணக்கு இதனாலேயே பொய்க்கிறது. நாளைக்குக் கிடைக்கும் என்ற உறுதி இருக்கிறவர்தான் இன்றைக்குக் குறைவாக எடுப்பார். அந்தக் குடும்பம் டிரம்மை நிரப்புவது போலத்தான் நகராட்சியும், அடுத்த ஆண்டுப் பங்கு பறிபோகுமே என்ற அச்சத்தில், தரைமட்டத் தொட்டியை நிரப்பி வழியவிடுகிறது.

இந்தச் சிக்கல் நம்மூருக்கு மட்டும் உரியதன்று. தென் கலிபோர்னியாவில் 26 உறுப்பு அமைப்புகளுக்கு மொத்தமாகத் தண்ணீர் வழங்கும் ‘பெருநகர நீர் மாவட்டம்’ என்ற பொது அமைப்பு 1928-ஆம் ஆண்டு உருவானது. கொலராடோ ஆற்றிலிருந்தும் மாநிலத்தின் வடபகுதியிலிருந்தும் வரும் தண்ணீரைப் பிரித்துக்கொடுப்பதுதான் அதன் வேலை. அவர்களுடைய வறட்சிக்காலப் பங்கீட்டுத் திட்டத்தில் நான் ஆழ்ந்து கவனித்த அம்சம் ஒன்று உண்டு: முன்பே சிக்கனம் செய்து முடித்த ஊரில் மேலும் குறைப்பது கடினம் என்பதை ஏற்றுக்கொண்டு, அந்த ஊருக்கு அதற்கென்றே ஒரு சலுகை அளவு சேர்க்கிறார்கள். மக்கள்தொகை வளர்ச்சிக்கும் உள்ளூர் நீராதாரத்தின் இழப்புக்கும் தனித்தனியே திருத்தம் உண்டு. ஒதுக்கீட்டைத் தாண்டி எடுத்தால் பல மடங்கு கட்டணம். 2015-ஆம் ஆண்டு அந்த மாநிலம் நகர்ப்புற நீர்ச்செலவில் மொத்தமாக 25 விழுக்காடு குறைக்க ஆணையிட்டபோதும் எல்லா ஊருக்கும் ஒரே 25-ஐ விதிக்கவில்லை. ஆள்வீதச் செலவு குறைவாக இருந்த ஊர்களுக்கு 8 விழுக்காட்டில் தொடங்கி, தாராளமாகச் செலவழித்த ஊர்களுக்கு 36 விழுக்காடு வரை என்று படிநிலை வைத்தது. புல்வெளிக்கு நீர் தெளிக்கும் ஊர்களின் கணக்கு அது; நம் நிலைமைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அதிலுள்ள நியாயம் நமக்கும் பொருந்தும்.

எங்கள் திட்டத்தில் செய்த வேலைகளில் பயன் தந்தது அளவிடுதல்தான் என்று தயக்கமின்றிச் சொல்வேன். ஒவ்வொரு கிளை பிரியும் இடத்திலும் ஃப்ளோ மீட்டர் பொருத்தி, ஒதுக்கீட்டைத் தாண்டி நீரோட்டம் போகாதபடி கட்டுப்பாட்டு வால்வு வைத்தபின், ஊர்களுக்கிடையே இருந்த சந்தேகத்தில் பாதி கரைந்தது. எல்லா ஊர்களின் அளவுகளையும் ஒரே தாளில் எழுதி எல்லா ஊர்களுக்கும் அனுப்பினோம். முன்வரிசை ஊர் எவ்வளவு எடுக்கிறது என்பதைக் கடைசி ஊர் முதன்முதலாக எண்ணில் பார்த்தது. மீட்டர் வந்தபின் தெரிந்த இன்னொன்றும் உண்டு. பல கிராமங்களில் நள்ளிரவிலும் நீரோட்டம் குறையவே இல்லை. போய்ப் பார்த்தால் மேல்நிலைத் தொட்டியில் மிதவை வால்வு பழுதாகி எவ்வளவோ காலமாகியிருக்கும். தொட்டி நிரம்பி, வழிகுழாய் வழியே தண்ணீர் விடியும்வரை சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருக்கும். தொட்டியடியில் வாழை செழித்து நிற்பதைக் கொண்டே எந்தத் தொட்டி வழிகிறது என்பதை எங்கள் ஆட்கள் தூரத்திலிருந்து சொல்லிவிடுவார்கள். ஒரு மிதவை வால்வின் விலையில் மிச்சமாகும் தண்ணீர், எந்தப் புதிய திட்டமும் அதே செலவில் தர முடியாதது.

பங்கீட்டு விதியை மாற்றுவது இதைவிடக் கடினமாக இருந்தது. நான் வாதாடிய முறை இதுதான். எந்த ஊருக்கும் ஆளொன்றுக்கு 55 லிட்டருக்குக் கீழே குறைக்கக் கூடாது. அதற்கு மேலே இருக்கும் பகுதியில் மட்டுமே வெட்ட வேண்டும். அந்த வெட்டும் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். சம மக்கள்தொகை கொண்ட இரண்டு ஊர்கள், ஒன்று 110 லிட்டரும் மற்றது 80 லிட்டரும் பெறுகின்றன, மொத்தத்தில் 20 விழுக்காடு குறைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சமவிழுக்காட்டு வெட்டில் முதல் ஊருக்கு 88, இரண்டாவதற்கு 64 கிடைக்கும். நான் சொன்ன முறையில் 84, 68 கிடைக்கும். வித்தியாசம் நான்கு லிட்டர்தானே என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். 88-ல் நான்கு லிட்டர் போவதும் 64-க்கு நான்கு லிட்டர் வருவதும் ஒன்றாகாது என்பதைத் தண்ணீர் பிடித்து நடப்பவர்கள் அறிவார்கள். அதைவிட முக்கியம், அடிப்படை அளவை மக்கள்தொகையிலிருந்து கணக்கிட வேண்டும் என்பது; சென்ற ஆண்டு எடுத்த அளவிலிருந்து கணக்கிட்டால், கசிவை அடைத்த ஊர் அதனாலேயே தன் பங்கை இழக்கும்.

பணத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்து இலட்சம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற ஏறத்தாழ 400 யூனிட் மின்சாரம் செலவாகிறது. இந்தத் திட்டங்களின் நடப்புச் செலவில் மின்கட்டணமே பெரிய பங்கு. ஓர் ஊர் குறைத்து எடுத்தால் திட்டத்துக்கு மின்சாரம் மிச்சம், ஆனால் அந்த ஊரின் வீட்டுக்காரர் மீட்டர் இல்லாமல் மாதத்துக்கு ஒரே தொகையைத்தான் கட்டுகிறார். மிச்சமான மின்கட்டணத்தில் ஒரு பகுதியை அந்த ஊருக்கே திருப்பி, குழாய் பராமரிப்புக்கென ஒதுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கணக்குத் தலைப்பு இல்லை என்று கோப்பு திரும்பி வந்தது. இன்றைக்கும் அது செய்யத்தக்கது என்றே நம்புகிறேன்.

மக்கள்தொகையை அடிப்படையாகக் கொள்ளும் முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. கையில் இருப்பது 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. திருப்பூர் போன்ற பனியன் நகரத்தில், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் நெருக்கி வாழும் தொழிலாளர்கள் அந்தக் கணக்கில் இல்லை. சுற்றுவட்டக் கிராமங்கள் பலவும் வரைபடத்தில் ஊராட்சியாகவும் வாழ்க்கையில் நகரமாகவும் மாறிவிட்டன. அந்த ஊராட்சிக்கு 55 லிட்டர் என்று ஒதுக்கினால், தலைக்கு உண்மையில் கிடைப்பது அதில் எவ்வளவோ குறைவு. மீதி லாரித் தண்ணீராக, குடம் இத்தனை ரூபாய் என்று, அதிகம் சம்பாதிக்காதவர்களின் கையிலிருந்து போகிறது. மின் இணைப்புகளையும் குடும்ப அட்டைகளையும் வைத்து ஆண்டுதோறும் எண்ணிக்கையைத் திருத்தலாம் என்றோம். குடும்ப அட்டை வேறு மாநிலத்தில் இருப்பவர் அதிலும் விடுபடுகிறார். வாடகை அறை உரிமையாளர்களிடம் ஊராட்சி எடுக்கும் பட்டியலை ஏற்பது ஒன்றே கைக்கெட்டும் வழி. பெரிய நகரங்கள் அதை ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றன, ஏனென்றால் அந்த எண்ணிக்கை கூடினால் தங்கள் பங்கு குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். அடுத்த மழை பொய்ப்பதற்கு முன், அணை நிரம்பியிருக்கும் ஆண்டிலேயே, எல்லா ஊர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து இந்த எண்ணிக்கையை முடிவு செய்து ஊர்களுக்கிடையிலான ஒப்பந்தத்தில் சேர்த்துவிட வேண்டும். தொட்டி காய்ந்த பிறகு கூட்டும் கூட்டத்தில் எந்த ஊரும் தன் பங்கிலிருந்து ஒரு லிட்டர்கூட விட்டுக்கொடுத்ததை நான் பார்த்ததில்லை.