நிலவு வட்டமாகும் வரை

பிரான்சில் ஒரு சின்ன ஊர். அங்கே நான் வேலை பார்க்கும் ஓவிய அருங்காட்சியகத்தில் மொத்தமே ஐந்து அறைகள். சென்ற குளிர்காலத்தில் பழைய மௌனப் படங்களைத் திரையிடலாமா என்று கேட்டபோது, "அது சினிமாக்காரர்கள் வேலையாயிற்றே" என்றார் இயக்குநர் அம்மையார். நான் வாதாடவில்லை. ஜார்ஜ் மெலியேஸ் 1902இல் எடுத்த நிலவுப் பயணப் படத்தின் வண்ணப் பிரதியிலிருந்து ஒரே ஒரு காட்சியை அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன். பாரிஸில் எலிசபெத் துய்யே நடத்திய பட்டறையில் பெண்கள் ஆளுக்கொரு நிறமாக, தபால்தலை அளவுப் படச்சுருள் கட்டங்களில் தூரிகையால் தீட்டிய வண்ணம் அது. எங்களிடம் இருப்பவையோ பெரும்பாலும் நீர்வண்ண ஓவியங்கள். "இதுவும் தூரிகை வேலைதான்" என்றேன். ஒத்துக்கொண்டார்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, அதையே போடலாமே என்று சிலர் சொன்னார்கள். அங்கேதான் எனக்குப் பிடிவாதம். அந்த வண்ணப் பிரதி 1993இல் பார்சிலோனாவில் கிடைத்தபோது, நைட்ரேட் என்ற பழைய வகைப் படச்சுருள் இறுகிக் கட்டியாகிக் கிடந்தது. அதைச் சிறிது சிறிதாகப் பிரித்தெடுக்கவே ஆண்டுகள் பிடித்தன. 13,375 கட்டங்களைக் கணினியில் ஒழுங்குபடுத்தி, சிதைந்த இடங்களைக் கறுப்பு வெள்ளைப் பிரதியிலிருந்து நிரப்பி, 2011இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். அவ்வளவு பேர் உழைத்து மீட்டதை மங்கலான நகலில் காட்ட எனக்கு மனம் வரவில்லை. மெலியேஸ் 1938இலேயே மறைந்தவர், அவர் படத்துக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது என்றாலும், மீட்டெடுத்த பிரதியைப் பொதுத் திரையிடலுக்கு வாங்கத் தனி அனுமதியும் கட்டணமும் வேண்டும். கடிதப் போக்குவரத்திலேயே இரண்டு மாதம் போயிற்று.

இடம் பற்றிய கவலை சுலபமாகத் தீர்ந்தது. நீர்வண்ண ஓவியங்களின் மேல் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் படக்கூடாது என்பதால் அந்த அறையில் கனத்த திரைச்சீலைகள் ஏற்கெனவே இருந்தன. நாற்பது நாற்காலி போட்டோம்.

ஒத்திகை நாளில்தான் வயிறு கலங்கியது. நிலவின் முகம் பூசணிக்காயை அமுக்கியதுபோல் அகலமாகத் தெரிந்தது. வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், ஏறக்குறைய சதுரமாக இருக்க வேண்டிய படத்தை அகலத்திரைக்கு இழுத்துவிட்டிருந்தது. அதைச் சரிசெய்தால், அசைவுகள் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போயின. கட்டங்களுக்கு நடுவே இல்லாத கட்டங்களைத் தானாகச் செய்து நிரப்பும் வசதி ஒன்று அதில் இருந்தது. மெனுவுக்குள் மெனுவாகத் தேடி அதை அணைக்க ஒரு மணி நேரமாயிற்று. உங்களில் யாராவது திரையிடுவதாக இருந்தால், முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

அடுத்தது வேகம். அன்றைய படங்களைக் கையால் சுழற்றி எடுத்தார்கள். நொடிக்குச் சுமார் 16 கட்டங்கள். அதை 24இல் ஓட்டினால் 14 நிமிடப் படம் ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிடும். மனிதர்கள் தத்தித் தத்தி ஓடுவார்கள். மௌனப் படம் என்றாலே குடுகுடுவென்று ஓடும் வேடிக்கை என்று நாம் நினைப்பதற்குப் பெரும்பாலும் இப்படி ஓட்டியதே காரணம். சரியான வேகத்தில், படத்தில் நிலவுக்குப் போகும் வானியலாளர்கள் நிதானமாகத்தான் நடக்கிறார்கள்.

இந்தப் படத்தில் காட்சிகளுக்கு நடுவே கதையைச் சொல்லும் எழுத்து அட்டைகள் கிடையாது. அந்தக் காலத்தில் திரையருகே நின்று ஒருவர் கதை சொல்வார். நம் ஊர் ஊமைப்படக் கொட்டகைகளிலும் அப்படி ஆள் இருந்ததுண்டு. அந்த வேலையை நானே ஏற்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டேன். பியானோ வாசிக்க வந்த உள்ளூர் இசை ஆசிரியை அதைக் கேட்டுவிட்டு, "விண்கலம் நிலவின் கண்ணில் குத்தும் இடத்தில் மட்டும் நீங்களும் பேசாதீர்கள், நானும் வாசிக்க மாட்டேன்" என்றார். அவர் சொன்னதே சரி.

அன்று மாலை முதலில் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் ஒரு நிமிடத்துக்கும் குறைவான படங்கள் நான்கு, பிறகு நிலவு. அந்த இடம் வந்தபோது நாங்கள் இருவரும் நிறுத்தினோம். அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அடுத்து ஒரு குழந்தை சிரித்தது, அதைத் தொடர்ந்து எல்லோரும்.

முடிந்து விளக்கைப் போட்டும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் இன்னொரு முறை போடமுடியுமா என்று கேட்டார். இயக்குநர் அம்மையாரைப் பார்த்தேன். அவரே எழுந்துபோய் விளக்கை அணைத்தார். இரண்டாவது முறை பியானோ வேறொரு மெட்டில் தொடங்கியது.