கடைசி வண்டி வரும்வரை: அல்ப் துவெஸ் மலையில் டூர் டி பிரான்ஸ்

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, மலைக்குப் போங்கள் என்பதுதான். சமவெளியில் பெலோட்டன் எனப்படும் வீரர்களின் பெருங்கூட்டம் மணிக்கு 45, 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அரை நாள் காத்திருந்தவர்களைச் சில நொடிகளில் கடந்துவிடும். நமக்குப் பிடித்த வீரர் இடப்பக்கம் போனாரா, வலப்பக்கம் போனாரா என்றுகூடத் தெரியாது. ஏற்றத்தில் அதே கூட்டம் சிதறிப்போகும். ஒருவர் பின் ஒருவராக, கை நீட்டினால் தொடும் தூரத்தில் வருவார்கள். முகம் தெரியும், மூச்சு வாங்குவது கேட்கும். இரண்டாவதாகச் சொல்வது: முதலில் வருகிறவர் போனதும் கிளம்பிவிடாதீர்கள். அந்த இரண்டாவதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2022-ஆம் ஆண்டுப் போட்டியில் நான் தேர்ந்தெடுத்தது 12-ஆவது கட்டம். ஒரு நாள் ஓட்டத்தைத்தான் கட்டம் என்பார்கள். ஆல்ப்ஸ் மலைத்தொடரில், பிரியான்சோனில் தொடங்கி அல்ப் துவெஸ் உச்சியில் முடியும் 165 கிலோமீட்டர். நடுவே 2,642 மீட்டர் உயரமுள்ள கலிபியே கணவாய், அதன் பிறகு க்ருவா த ஃபேர், கடைசியில் அல்ப் துவெஸ். 1986-இல் ஒரே அணியில் இருந்தும் போட்டியாளர்களான பெர்னார் ஈனோவும் கிரெக் லெமாண்டும் கைகோத்தபடி எல்லைக்கோட்டைத் தாண்டினார்களே, அதே வழி. அதோடு அன்று ஜூலை 14, பிரான்ஸின் தேசிய நாள். இப்படி ஒரு நாள் அமைவது அரிது என்பதால், போட்டியின் பாதை முந்தைய அக்டோபரில் பாரிஸில் அறிவிக்கப்பட்ட வாரத்திலேயே மலையடிவாரத்தில் கூடார முகாமில் இடம் பிடித்து வைத்தேன். இந்த விஷயத்தில் தாமதம் கூடாது. குளிர்காலம் முடிவதற்குள் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் நிரம்பிவிடும்.

லியோனில் இருக்கும் அக்காவின் மகனும் என்னோடு வந்தான். பன்னிரண்டு வயது. கால்பந்து மட்டுமே விளையாட்டு என்று நம்புகிறவன். லியோனிலிருந்து கிரெனோபிள் வரை ரயில். அங்கிருந்து பூர் துவாசான் ஊருக்கு ரயில் கிடையாது, பஸ்தான். ஐம்பது கிலோமீட்டர் போல இருக்கும். ரோமான்ஷ் ஆற்றை ஒட்டிப் போகும் சாலையின் இருபுறமும் பாறைச் சுவர்கள் உயர்ந்துகொண்டே வந்தன. ஊருக்குள் நுழைந்தபோது கடை ஜன்னல்களில் எல்லாம் மஞ்சள் துணியும் சிவப்புப் புள்ளித் துணியும் தொங்கின. மஞ்சள், மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவரின் ஜெர்ஸி நிறம்; சிவப்புப் புள்ளி, சிறந்த மலையேற்ற வீரருடையது.

போட்டிக்கு முந்தைய நாள் மாலையை அங்கே ஒரு காபிக் கடையின் தொலைக்காட்சி முன்பு கழித்தோம். 11-ஆவது கட்டம், க்ரானோன் கணவாயில் முடிவு. அதுவரை அசைக்க முடியாதவராகத் தெரிந்த டடேய் போகச்சார், ஜெர்ஸியின் ஜிப்பை முழுக்கத் திறந்துவிட்டுக்கொண்டு தடுமாறினார். யோனாஸ் விங்கெகார் தனியாகப் பிரிந்து போய் மஞ்சள் ஜெர்ஸியைக் கைப்பற்றினார். ஒரே ஏற்றத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம் கைமாறியது. கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். விங்கெகாரின் அணி அன்று முழுவதும் மாறி மாறித் தாக்கிப் போகச்சாரைக் களைக்க வைத்ததை நான் மருமகனுக்கு விளக்கினேன். சைக்கிள் பந்தயம் ஒரு குழு விளையாட்டு என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒருவர் வெல்ல மற்ற ஏழு பேர் காற்றை மறைத்து, தண்ணீர் சுமந்து, தங்களைத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

விடிந்ததும் மலையில் நடக்கத் தொடங்கினோம். அல்ப் துவெஸ் ஏற்றம் 13.8 கிலோமீட்டர் நீளம், சராசரிச் சரிவு 8.1 சதவீதம். மொத்தம் 21 கொண்டையூசி வளைவுகள், அடியிலிருந்து மேலே எண் குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு வளைவிலும் அங்கே வென்றவரின் பெயர்ப் பலகை உண்டு. அடிவாரத்து 21-ஆவது வளைவில் ஃபாஸ்டோ கோப்பியின் பெயர். 1952-இல் டூர் முதன்முறையாக ஒரு மலை உச்சியில் முடிந்தது இங்கேதான், அன்று வென்றவர் கோப்பி. வென்றவர்களின் எண்ணிக்கை வளைவுகளின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டதால் சில பலகைகளில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. கடினமான பகுதி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. முதல் இரண்டு கிலோமீட்டரில் சரிவு பத்து சதவீதத்தைத் தாண்டும். நடந்து போகும்போதே கெண்டைக்கால் இழுத்தது. எங்களைத் தாண்டி ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள், பின்னால் குழந்தை இருக்கை மாட்டியவர்கள், பாதி வழியில் இறங்கித் தள்ளுகிறவர்கள். சாலையோரத்தில் நாட்கணக்காகத் தங்கியிருந்த வேன் வீடுகளிலிருந்து ஒவ்வொருவருக்கும் கைதட்டல் கிடைத்தது. போட்டி வீரர்கள் ஏறப்போகும் அதே சாலையில் அதே காலையில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். வேறு எந்தப் பெரிய விளையாட்டிலும் ரசிகனுக்கு இந்த உரிமை கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஹூவே கிராமத்துக்குக் கீழே, 8-ஆவது வளைவை ஒட்டிய புல்மேட்டில் இடம் பிடித்தோம். அதற்கு அடுத்த 7-ஆவது வளைவு நெதர்லாந்து ரசிகர்களின் கோட்டை. 1976-க்கும் 1989-க்கும் இடையில் நெதர்லாந்து வீரர்கள் இங்கே எட்டு முறை வென்றார்கள். யோப் சூட்டமெல்க் தொடங்கி வைத்த அந்த வெற்றிகளின் நினைவில் இன்றும் ஆரஞ்சு நிறக் கூட்டம் வந்து குவிகிறது. ஆரஞ்சுப் புகை மேலே எழுந்து, பாட்டுச் சத்தம் எங்கள் மேடுவரை இறங்கி வந்துகொண்டிருந்தது. நாங்கள் அந்த நெரிசலுக்குள் போகவில்லை. அங்கே கொண்டாட்டம் பிரமாதம், ஆனால் பந்தயத்தைப் பார்க்க ஒரு வளைவு தள்ளி நிற்பதே நல்லது.

வீரர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பு விளம்பர ஊர்வலம் வந்தது. 1930-இல், அணிகளை நிறுவனங்களிடமிருந்து எடுத்து நாடுகளுக்குக் கொடுத்தபோது, செலவை ஈடுகட்டத் தொடங்கிய ஏற்பாடு இது. ராட்சத பொம்மைகள் ஏற்றிய வண்டிகளிலிருந்து கட்டம் போட்ட துணித்தொப்பிகள், மிட்டாய்ப் பொட்டலங்கள், சிவப்புப் புள்ளிச் சட்டைகள் பறந்து வந்தன. மருமகன் இருபுறமும் ஓடி ஓடிப் பொறுக்கினான்.

பக்கத்து வேன் வீட்டில் ஒரு டச்சுத் தம்பதி தங்கியிருந்தார்கள். கூரையில் ஆன்டெனா, நிழற்துணிக்குக் கீழே சிறிய தொலைக்காட்சி. வெயிலில் நின்ற எங்களைப் பார்த்து நாற்காலி எடுத்துப் போட்டார்கள். அங்கேதான் கலிபியே இறக்கத்தைப் பார்த்தோம். இங்கிலாந்தின் டாம் பிட்காக், 22 வயது, டோக்கியோ ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்றவர். சைக்கிள் மேல் தாழக் குனிந்து, வளைவுகளை அறுத்துக்கொண்டு, முன்னால் இருந்தவர்களை ஒவ்வொருவராக விழுங்கியபடி இறங்கினார். அந்த டச்சுப் பெரியவர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த இறக்கத்தில்தான் கிறிஸ் ஃப்ரூமும் பிட்காக்கோடு சேர்ந்து முன்னணிக் கூட்டத்தை எட்டினார் என்பது தெரிந்ததும் எனக்கு உட்கார முடியவில்லை.

ஹெலிகாப்டர் சத்தம் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி வந்தது. போலீஸ் மோட்டார் சைக்கிள்கள், போட்டி இயக்குநரின் சிவப்புக் கார், பிறகு மனிதச் சுவர் நடுவில் விலக, பிட்காக் தனியாக வந்தார். இவ்வளவு சிறிய உடலா என்று தோன்றியது. வாய் திறந்திருந்தது, தோள் அசையவில்லை. அடுத்து தென்னாப்பிரிக்காவின் லூயிஸ் மெய்ன்கீஸ். அதற்கும் பிறகு, ஃப்ரூம்.

நான் பல ஆண்டுகளாக ஃப்ரூமின் ரசிகன். 2013, 2015, 2016, 2017 என நான்கு முறை டூரை வென்றவர். 2013-இல் இதே மலையில் அவருக்குச் சர்க்கரை தீர்ந்துபோய், தோழர் ரிச்சி போர்ட் விதிக்கு மாறாக உணவு கொண்டுவந்து கொடுக்க, 20 நொடி தண்டனை வாங்கினார். 2019 ஜூனில் ரோவான் நகரில், வேறொரு போட்டியின் பாதையைப் பார்வையிடும்போது சுவரில் மோதினார். தொடை எலும்பு, முழங்கை, விலா எலும்புகள் எல்லாம் முறிந்தன. மீண்டும் சைக்கிள் ஓட்டுவாரா என்பதே கேள்வியாக இருந்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் கூட்டத்தின் பின்பகுதியில்தான் அவரைப் பார்க்க முடிந்தது. அந்த மனிதர் முழங்கைகளை வெளியே விரித்து, கண்ணைக் கைப்பிடி மேலிருந்து எடுக்காமல், அவருக்கே உரிய அந்த அழகில்லாத பாணியில் எனக்கு ஒரு மீட்டர் தூரத்தில் கடந்து போனார். பெயரைச் சொல்லிக் கத்தினேன். தொண்டை அடைத்துப் பாதிதான் வெளியே வந்தது. அவர் அன்று மூன்றாமிடம் பெற்றார், பிட்காக்குக்கு 2 நிமிடம் 6 நொடி பின்னால். வென்றவருக்குக் கிடைத்ததற்குக் குறையாத வரவேற்பு அவருக்கும் அந்தச் சாலையில் கிடைத்தது.

சிறிது நேரத்தில் மஞ்சள் ஜெர்ஸி வந்தது. விங்கெகார், அவர் சக்கரத்தை விடாமல் போகச்சார், கெரெய்ன்ட் தாமஸ். எங்களுக்கு மேலே, உச்சி நெருங்கும் இடத்தில் போகச்சார் தாக்கியதையும் விங்கெகார் அசராமல் ஒட்டிக்கொண்டதையும் ஓடிப்போய்த் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

அதோடு மேட்டில் பாதிப்பேர் பாயைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

“மாமா, எல்லோரும் போய்விட்டார்களே, நாமும் இறங்கலாமா?”

“இன்னும் பாதிப்பேர்கூட வரவில்லை. உட்கார்.”

நேர வரம்பு என்று ஒன்று உண்டு. வென்றவர் எடுத்த நேரத்தோடு ஒரு குறிப்பிட்ட சதவீதம் சேர்த்து, அதற்குள் வராதவர் போட்டியிலிருந்தே வெளியேற்றப்படுவார். அந்தச் சதவீதம் கட்டத்தின் கடினத்தையும் வென்றவரின் சராசரி வேகத்தையும் பொறுத்தது. வென்றவருக்கு ஐந்து மணி நேரம் ஆகி, அன்றைய விகிதம் 15 சதவீதம் என்றால், பின்னால் இருப்பவர்களுக்குக் கிடைப்பது 45 நிமிடம். சமவெளியில் மின்னல்போல் பாயும் வேக வீரர்கள் மலையில் பெரும் எடையைச் சுமக்கிறார்கள். அவர்களும், தங்கள் வேலையைக் காலையிலேயே செய்து முடித்துவிட்ட உதவி வீரர்களும், அடிபட்டவர்களும் ஒன்றுசேர்ந்து க்ரூப்பெட்டோ என்ற கூட்டமாக ஏறுவார்கள். அணி வித்தியாசம் அங்கே இல்லை. அனுபவசாலிகள் நேரத்தைக் கணக்குப் போட்டு வேகத்தை நிர்ணயிப்பார்கள். ஏற்றத்தில் இழந்ததை இறக்கத்தில் துணிந்து மீட்பார்கள். பரிசு, மேடை எதுவும் அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. நாளை மறுபடியும் புறப்படும் உரிமை ஒன்றுக்காகத்தான் அவ்வளவு பாடும்.

அரை மணி நேரத்துக்கு மேல் கழித்து அவர்கள் வந்தார்கள். முன்னால் போனவர்களின் முகத்தில் கண்டது போராட்டம் என்றால் இங்கே கண்டது உப்பு. ஜெர்ஸிகளில் வெள்ளை வெள்ளையாக வியர்வைக் கோடுகள். ஒருவர் தலையசைத்துக் கேட்க, டச்சுப் பெரியவர் ஒரு பாட்டில் தண்ணீரை அவர் முதுகில் ஊற்றினார். இன்னொருவர் எங்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். மருமகன் அதுவரை பொறுக்கிய தொப்பிகளையும் மிட்டாய்களையும் புல்லில் போட்டுவிட்டு, எழுந்து நின்று கைதட்டினான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கூட்டத்தை விட்டுப் பிரிந்துபோன ஓரிருவர் தனித்தனியாக வந்தபோது அவர்களுக்குத்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினான்.

அணிக் கார்கள், ஆம்புலன்ஸ், பிறகு துடைப்ப வண்டி. முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள 1910 முதல் பின்னால் வரும் வண்டி அது. போட்டி முடிந்தது என்று எழுதிய வாகனம் அதற்கும் பின்னால் போனதும் சாலை நடந்து இறங்குகிறவர்களுக்குத் திறந்துவிட்டது.

அடுத்த நாள் 13-ஆவது கட்டம் பூர் துவாசானிலேயே தொடங்கியது, சென்-எத்தியேன் வரை. மலையில் பார்த்தவர்களைத் தெருவில் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. அணிப் பஸ்கள் வரிசையாக நிற்கும். வீரர்கள் மேடையேறிக் கையெழுத்துப் போடத் தடுப்புக் கம்பியை ஒட்டியே போவார்கள். மஞ்சள் ஜெர்ஸியைச் சுற்றிக் கேமராக்கள் நெருக்கின. மருமகன் அங்கே போகவில்லை. வேக வீரர்கள் யார் யார் என்று கேட்டு, ஆஸ்திரேலியாவின் காலேப் யூவன் போவதைப் பார்த்துக் கை அசைத்தான். 2021 டூரில் மூன்றாவது கட்டத்திலேயே விழுந்து கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து வீடு திரும்பியவர் அவர் என்று சொன்னேன்.

அன்று மாலை சென்-எத்தியேனில் டென்மார்க்கின் மாட்ஸ் பெடர்சன் வென்றார். யூவன் வழியில் ஒரு வளைவில் மறுபடி விழுந்தார், எழுந்து ஓட்டினார். அதன் பிறகு பிரனீஸ் மலைகள் வந்தன. ஃப்ரூம் கோவிட் காரணமாக 18-ஆவது கட்டத்துக்கு முன் விலகினார். ஜூலை 24 அன்று விங்கெகார் மஞ்சளோடு பாரிஸ் வந்து சேர்ந்தார். போட்டியை முடித்தவர்களின் முழுப் பட்டியலைக் கடைசிவரை இறக்கிப் பார்த்துவிட்டு மருமகன் லியோனிலிருந்து போன் செய்தான். “மாமா, கடைசிப் பெயர் யூவன். வந்துவிட்டார்!”