கோயில் மாடும் குருமாவும்: நான் கான்ஜி படித்த விதம்

ஜப்பானிய மொழியில் வண்டிக்குப் பெயர் குருமா. ஊருக்கு மச்சி, வாய்க்கு குச்சி, ஆற்றுக்கு காவா. உச்சரிப்பில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் கேட்டதும் சிரிப்பு வருகிறது இல்லையா? கான்ஜி, அதாவது ஜப்பானிய மொழியை எழுதப் பயன்படும் சீன எழுத்துகளைப் படிக்கப் போகிறேன் என்று யாராவது என்னிடம் கேட்டு வந்தால், முதலில் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

வேலைக்காக டோக்கியோ வந்து நிஷிகசாயில் வீடு பிடித்தபோது எனக்கு ஹிராகானாவும் கத்தாகானாவும் தெரியும், ஒலியை மட்டும் காட்டும் இரண்டு ஜப்பானிய எழுத்து வரிசைகள். இரண்டிலும் அடிப்படை எழுத்து தலா 46தான், அ இ உ எ ஒ என்று உயிர் முதலில் வந்து அப்புறம் ககர வரிசை, சகர வரிசை என்று ஓடும், தமிழ் படித்தவனுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. கான்ஜி அப்படி விடாது. அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு வெளியிட்டிருக்கும் பட்டியலில் மட்டும் 2136 எழுத்துகள். இங்கே பிள்ளைகள் முதல் வகுப்பில் 80 எழுத்தில் ஆரம்பித்து, ஆரம்பப் பள்ளியின் ஆறு வருஷத்தில் 1026 எழுத்துகளைக் கட்டம் போட்ட நோட்டில் எழுதி எழுதியே ஏற்றிக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகிற ஆளுக்கு அந்த ஆறு வருஷமும் கிடையாது, அதட்டி எழுதவைக்க டீச்சரும் கிடையாது.

அதனால் பலரும் போகிற வழியில்தான் நானும் போனேன். எழுத்தைத் துண்டு துண்டாகப் பிரி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வை, பெயர்களைச் சேர்த்து ஒரு கதை கட்டு. மனிதனும் மரமும் சேர்ந்தால் ஓய்வு, ஏனென்றால் ஆள் மரத்தில் சாய்ந்திருக்கிறான். மலை மேல் பறவை இறங்கினால் தீவு. முறை நல்ல முறைதான். ஆனால் ஆங்கிலத்தில் ரெடிமேடாகக் கிடைத்த கதைகள் கொஞ்ச நாள் நின்றுவிட்டு உதிர்ந்துவிட்டன. வேறு யாரோ ஒருவருடைய சின்ன வயசு, அவர் பார்த்த விளையாட்டு, அவர் சாப்பிட்ட சாப்பாடு, எனக்கு அதில் என்ன ஒட்டும்? கதைகளைத் தமிழில் நானே கட்ட ஆரம்பித்த பிறகுதான் வண்டி ஓடியது.

எனக்கு மிகவும் பிடித்தது கோயில் குடும்பம். கோயில் என்ற எழுத்தில் மேலே மண், கீழே அங்குலம். ஓர் அங்குல மண் கிடைத்தாலும் பிள்ளையார் கோயில் கட்டிவிடுவோம், சரி, அது முடிந்தது. இந்தக் கோயிலுக்கு இடது பக்கம் என்ன நிற்கிறது என்பதைப் பொறுத்து எழுத்து மாறிக்கொண்டே போகும். சூரியன் நின்றால் நேரம்: வெயில் ஏறிவிட்டது, நடை சாத்தும் நேரம். கை நின்றால் வைத்திருத்தல்: கையில் அர்ச்சனைத் தட்டு. நடப்பதைக் குறிக்கும் துண்டு நின்றால் காத்திருத்தல், தர்ம தரிசன வரிசை, ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நிற்கிறோம். பேச்சு என்ற துண்டு நின்றால் கவிதை: ஓதுவார் தேவாரம் பாடுகிறார். மாடு நின்றால் தனிச் சிறப்பு. கோயில் மாட்டுக்கு இருக்கும் சலுகை ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது? கோயிலுக்கு மேலே மூங்கில் வந்தால் சமம், அன்னதானத்துக்கு மூங்கில் பந்தல் போட்டாயிற்று, பந்திக்கு எல்லோரும் ஒன்று. இங்கே அந்த எழுத்து குறிப்பது புத்த கோயிலைத்தான், தெரியும். என் கதைக்கு அது இடைஞ்சலாக இல்லை.

இந்தக் குடும்பத்தில் உண்மையான உபயோகம் எங்கே தெரிந்தது என்றால் அறிவிப்புப் பலகைகளில். வங்கியில், கிளினிக்கில் எல்லாம் “ஒமாச்சி குதசாய்” என்று எழுதியிருக்கும், தயவுசெய்து காத்திருங்கள். கடை வாசலில் இலவசப் பிரசுரம் அடுக்கி “ஒமோச்சி குதசாய்” என்று எழுதியிருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கோயிலுக்குப் பக்கத்தில் நடையா கையா என்பது மட்டும்தான். தட்டு வைத்திருக்கும் கை தெரிந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், வரிசை தெரிந்தால் உட்கார வேண்டும்.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் பிழைப்பு என்று நினைத்திருந்தேன். அலுவலகத்தில் ஒரு மூத்த சக ஊழியர் கேட்டுவிட்டு, நாங்களும் இப்படித்தான் என்றார். பெற்றோர் என்ற எழுத்தில் நில், மரம், பார் என்று மூன்று துண்டு இருக்கிறது, மரத்தின் மேல் ஏறி நின்று பிள்ளை வருகிறதா என்று பார்ப்பவர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வார்களாம். மனச்சோர்வைக் குறிக்கும் “உத்சு” என்ற எழுத்துக்கு 29 கோடுகள், 2010இல்தான் அரசுப் பட்டியலுக்கே வந்தது. அதற்கு “லிங்கன் அமெரிக்கன் காபி மூன்று கப் குடிக்கிறார்” என்று ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள். தோப்பும் தகர டப்பாவும் சேர்த்து வாசித்தால் ரின்-கான், அதாவது லிங்கன். அரிசி எழுத்து போல ஒன்று இருக்கிறது, செய்தித்தாள்களில் அமெரிக்காவுக்குச் சுருக்கம் அந்த அரிசி எழுத்துதான். காபிக்கு கோ, ஹி என்ற கத்தாகானா வடிவங்கள், மூன்று கப்புக்கு மூன்று சாய்ந்த கோடுகள். அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகு என் கதைகளைப் பற்றிய கூச்சம் போய்விட்டது.

பொருள் ஞாபகம் இருப்பது பாதி வேலைதான், வாசிப்பது மீதி. ஜப்பானியர்களின் சொந்தச் சொல்லாக ஒரு வாசிப்பு, சீனத்திலிருந்து வந்த ஒலியாக இன்னொன்று, சிலதுக்கு அதற்கு மேலும் உண்டு. என் ரயில் நிலையத்தின் பெயரிலேயே பாருங்கள், நிஷிகசாய் என்பதில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றே, மேற்கு. முன்னால் நிஷி, பின்னால் சாய்.

சொந்தச் சொற்களுக்குத் தமிழ் ஒலி கைகொடுக்கும். வண்டி எழுத்தை மேலிருந்து பார்த்த வண்டியாகவே பார்க்கலாம், நடுவில் பெட்டி, இரண்டு முனையிலும் சக்கரம், பெட்டிக்குள் குருமா கொட்டிக் கிடக்கிறது. வாய் ஒரு சதுரம், அதற்குள் வேப்பங்குச்சி. ஆற்றுக்கு, எதொகாவா என்ற ஆற்றின் பெயரில் வரும் காவா, அது நம் காவாய். காரம் என்பதற்கு கராய், கதையே தேவையில்லை. அந்தக் கார எழுத்தின் தலையில் இன்னொரு கோடு போட்டால் மகிழ்ச்சி ஆகிவிடும், நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

சீன ஒலிகளுக்கு இந்த வித்தை எடுபடாது, கோ, ஷோ, சேய் என்று ஒரே ஒலியில் ஏகப்பட்டது கிடக்கும். அங்கே உதவுவது எழுத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஒலிக்குறிப்பு. நீலம் என்ற எழுத்துக்கு சேய் என்று ஒரு வாசிப்பு. அதோடு சூரியன் சேர்ந்தால் தெளிந்த வானம், தண்ணீர் சேர்ந்தால் தூய்மை, பேச்சு சேர்ந்தால் கேட்டு வாங்குவது, அரிசி சேர்ந்தால் தீட்டுவது. எல்லாமே சேய். அமைதி என்ற எழுத்தில் மட்டும் நீலம் இடது பக்கம் போய் உட்கார்ந்திருக்கும், அதுவும் சேய்தான். வேலையில் தினமும் பார்க்கும் இன்வாய்ஸுக்கு சேய்க்யூஷோ என்று பெயர், அதன் முதல் எழுத்தை நான் தனியாகப் படிக்கவே இல்லை, நீலத்தைப் பார்த்து வாசித்துவிட்டேன். கோயில் குடும்பம் இந்த விஷயத்தில் அவ்வளவு ஒழுங்கு இல்லை. நேரம் ஜி, கவிதை ஷி என்று பக்கத்தில் நிற்கும், காத்திருத்தல் தாய், சிறப்பு தொகு என்று எங்கேயோ போய்விடும். ஆகவே ஒலிக்குறிப்பை ஊகிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

தினசரி மறுபார்வைக்கு ஆன்கி, அட்டை காட்டி ஞாபகத்தைச் சோதிக்கும் செயலி. அட்டையின் முன்பக்கம் தனி எழுத்தைப் போடுவதில்லை, அது வரும் ஒரு சொல்லைப் போடுவேன். பின்பக்கம் வாசிப்பு, பொருள், கதை ஒரே வரியில். கதை இரண்டு வரிக்கு மேல் போனால் எழுத்தை விட்டுவிட்டு கதையைத்தான் மனப்பாடம் செய்யவேண்டியிருக்கும். பிறப்பு, உயிர் என்பதைக் குறிக்கும் எழுத்துக்கு இருக்கும் வாசிப்புகளுக்கெல்லாம் கதை கட்ட உட்கார்ந்தால் விடிந்துவிடும். அதை மாணவர், ஆசிரியர், பிறந்தநாள், பாரில் மெனு அட்டையில் இருக்கும் நாமா பீர் என்று சொற்களாகவே படித்தேன். பழகிய எழுத்துகளில் இப்போது கதை வருவதே இல்லை, நேரம் என்றால் நேரம்தான், நடை சாத்துவதெல்லாம் யோசித்தால்தான் ஞாபகம் வருகிறது.

ஆட்களின் பெயர்களுக்கு மட்டும் இதில் எதுவும் செல்லாது. எழுத்து தெரியும், பொருள் தெரியும், இருந்தும் எப்படி வாசிப்பது என்று சொல்ல முடியாது. விசிட்டிங் கார்டில் பெயருக்கு மேல் பொடி எழுத்தில் ஃபுரிகானா, அதாவது வாசிப்பைக் காட்டும் கானா எழுத்துகள், இருந்தால் பிழைத்தோம், இல்லையென்றால் எப்படி வாசிக்கவேண்டும் என்று நேராகக் கேட்டுவிடுவேன். ஜப்பானியர்களும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.